ஒரு குறையும் இல்லாத வண்டி

ஹுஃபூஃப்
5 அக்டோபர் 2017, வியாழன்

அன்பு லுல்வா அக்காவுக்கு உன் தங்கை ஹெஸ்ஸாவின் சலாம். நீயும் ஈஸா மச்சானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாஹ் அருளட்டும். முட்டி வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் சுகம், என் மானம் ஒன்றைத் தவிர.

முபாரக் ஒரு காகிதக் கடிதத்தை நீட்டியதும் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றுமில்லை. நம் சித்தப்பா மகன் வாராவாரம் சினிமா பார்க்கப் பாலம் தாண்டி பஹ்ரைனுக்கு வருகிறானே, அந்தப் பாவத்தோடு ஒரு புண்ணியமும் சேரட்டும் என்றுதான் தபால்காரன் ஆக்கிவிட்டேன்.

எல்லாம் உன்னால் வந்தது. என் புருஷன் நாயிஃபின் அண்ணன் ஜாபிர் வாங்கிய புது எஸ்யூவியைப் பற்றி உனக்கு மட்டும் என்று போனில் பேசி அனுப்பினேன். நீ சிரிப்பு தாங்காமல் அத்தைக்கு அனுப்பினாய். அத்தை அதை நாற்பத்தேழு பேர் இருக்கும் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். போன வெள்ளிக்கிழமை, ஆண்கள் அறையில் சோற்றுத் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஜாபிர் அதைச் சத்தமாகப் போட்டார். பெண்கள் பக்கம் இருந்த எங்களுக்கும் கதவு வழியாக என் குரல் கேட்டது: "பசியில ஹமூர் மீன் வாயைத் தொறந்த மாதிரி ஒரு முகம். பின்பக்கத்தைப் பாத்தா முகத்தை மன்னிச்சிடலாம்."

என் பக்கத்தில் இருந்த மாமியார் சொன்னார்: "மருமவளே, மீன் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே."

ஆகவே இனிமேல் காகிதம்தான். ஆனால் தீர்ப்பை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. மொட்டை மாடியில் நின்று பார்த்தேன் அக்கா. முன்பக்கம் முழுக்கக் குரோமியம், கல்யாண வீட்டுக்கு, இருக்கிற நகையை எல்லாம் போட்டுக்கொண்டு வந்த சம்பந்தி போல. கூரை பின்னால் சரிகிறது. கடைசி வரிசையில் உட்காருபவர் கழுத்தை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். கீழே இறங்கி வந்து கையால் தடவியும் பார்த்தேன். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே உள்ள இடுக்கு மேலே நகம் நுழையும் அளவு, கீழே விரல் நுழையும் அளவு. இவ்வளவு பெரிய வண்டிக்கு இப்படி ஒரு வேலைப்பாடா?

இருபத்திரண்டு வருடம் பின் சீட்டில் உட்கார்ந்து படித்த படிப்பு இது. இப்போது அந்தப் படிப்புக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. போன வாரம் வந்த அறிவிப்பைக் கேட்டிருப்பாய். வரும் ஜூன் முதல் சவூதிப் பெண்கள் நாங்களும் வண்டி ஓட்டலாம். நாயிஃபிடம் சொன்னதும் அவர், "சரி, நீ ஓட்டு. இத்தனை வருஷம் நீ பின்னாடி உக்காந்து குறை சொன்ன மாதிரி நான் சொல்லிட்டு வர்றேன்" என்றார். நல்ல மனுஷன், என்ன செய்வது.

நான் முடிவு செய்துவிட்டேன். என் சம்பளத்தில், என் பெயரில், நானே பொறுக்கிய வண்டி. ஜூனில் பாலத்தை நானே ஓட்டிக் கடந்து உன் சந்துக்குள் வந்து ஹார்ன் அடிப்பேன். வாழ்க்கையில் இதைத் தவிர இப்போது எனக்கு வேறு ஆசை இல்லை.

துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்.
உன் ஹெஸ்ஸா


முஹர்ரக்
7 அக்டோபர் 2017

என் ஹெஸ்ஸாவுக்கு அக்கா லுல்வாவின் சலாமும் முத்தமும். உன் கடிதம் கிடைத்தது. முட்டி அப்படியேதான் இருக்கிறது, நான்தான் அதோடு பழகிவிட்டேன். மச்சான் சலாம் சொல்லச் சொன்னார்.

உன் மாமியாரின் மீன் பேச்சை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அத்தைக்கு அனுப்பியது என் தப்புதான், மன்னித்துவிடு.

நீ குறை சொல்வதைக் கேட்டால் எனக்கு உம்மா ஞாபகம் வருகிறது. உம்மா தனக்குப் பிடித்த எதையும் புகழ்ந்தது உண்டா? கண் பட்டுவிடும் என்று பயம். என்னைக் கோணல் மூக்கி என்றுதான் கூப்பிடுவாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், "இவ சோத்தை அடிபிடிக்க விடுவா, இப்பவே சொல்லிட்டேன்" என்றாளே! வாப்பாவைச் சாகும்வரை திட்டினாள். ஜனாஸா எடுத்துப்போன அன்றுதான் அத்தனை பெண்களுக்கு நடுவே, "ஒரு குறையும் இல்லாத மனுஷன்" என்று சொன்னாள். அப்போதுதான் எனக்கு வாப்பா போய்விட்டது உறைத்தது. இனிக் கண் பட ஒன்றுமில்லை என்றால்தான் உம்மா வாயில் அப்படி ஒரு வார்த்தை வரும்.

நான் உம்மா போல இல்லை, எனக்கு வாய் நிற்காது. ஆகவே சொல்லிவிடுகிறேன்: உன் கண்ணைப் போல ஒரு கண்ணை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மச்சான் வாங்கின இந்தப் பழைய வண்டியில் ஒரு கதவுக்கு மட்டும் திரும்பப் பெயிண்ட் அடித்திருந்ததை எட்டு வருடம் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. நீ ஏறும்போதே கண்டுபிடித்தாய். ஊருக்கே ஒரு கண் அது. அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு போன பெருநாளில் தரையில் இருந்த கஹ்வா காபித் தட்டை மிதித்துக் கவிழ்த்தாயே, அது எப்படி? வானத்தைப் பார்த்து நடக்கிறாயா?

ஜனவரி விடுமுறையில் வா. உனக்கு வண்டி ஓட்ட நான் கற்றுத் தருகிறேன். அல்வா அனுப்பியிருக்கிறேன், மாமியாருக்கும் கொடு.

உன் லுல்வா


ஹுஃபூஃப்
16 நவம்பர் 2017

அன்பு அக்காவுக்கு ஹெஸ்ஸாவின் சலாம். உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மாமியார் உன் அல்வாவில் நெய் போதவில்லை என்று சொல்லிக்கொண்டே முக்கால் டப்பாவை முடித்தார். குளிர் ஆரம்பித்துவிட்டது, உன் முட்டியை மூடி வை.

தம்மாமில் மூன்று ஷோரூம் ஏறி இறங்கினோம். முதல் வண்டி வெளியே பெட்டி, உள்ளே அரண்மனை. ஆனால் டேஷ்போர்டில் தோல் தைத்த நூல் நேராக வந்து வந்து ஓர் இடத்தில் ஒரே ஒரு தையல் கோணிவிட்டது. விற்பனை செய்யும் பையனிடம் காட்டினேன். லெபனான்காரன். குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், ஆறு வருஷமா விக்கிறேன், எந்த ஆம்பளையும் இதைப் பாக்கல" என்றான். இரண்டாவது வண்டி பார்க்க அழகு, கதவைச் சாத்தினால் பிஸ்கட் டப்பா சத்தம். அழகை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மூன்றாவதில்தான் மனசு நின்றது. ஆலிவ் பச்சை. கதவு தானாக மூடிக்கொள்ளும் சத்தம் கனமான புத்தகத்தை மூடுவது போல. ஹெட்லைட்டில் ஒரு அலட்டல் இல்லை. இருந்தாலும் குறை இருக்கிறது: ஸ்டியரிங் மேல் பொத்தான்கள் அதிகம், பின் கதவின் கைப்பிடி அழுத்தினால் முனகுகிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

திரும்பும்போது பேரீச்சம்பழம் வைத்திருந்த கண்ணாடி மேசை மேல் மோதிவிட்டேன். தட்டு, பழம், ஃபிளாஸ்க் எல்லாம் தரையில். நாயிஃப் பாவம், "கண்ணாடியை இவ்வளவு சுத்தமா வச்சிருந்தா என்ன செய்யறது" என்று அந்தப் பையனையே திட்டினார். நானும் சிரித்தேன். விளக்கு அதிகம் போட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் எல்லோரும் வண்டிப் பேச்சுதான். கெமிஸ்ட்ரி எடுக்கும் வத்ஃபா தினமும் என்னிடம் வந்து, "ஹெஸ்ஸா, எனக்கும் ஒண்ணு பாத்துக் குடு, நான் எல்லாத்தையும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவேன்" என்கிறாள். கணக்கு டீச்சரான எனக்கு இப்போதுதான் மதிப்பு வந்திருக்கிறது.

ஜனவரியில் வருகிறேன்.
உன் ஹெஸ்ஸா


முஹர்ரக்
20 ஜனவரி 2018

என் ஹெஸ்ஸாவுக்கு அக்காவின் சலாம். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். கோபப்படாதே.

கடற்கரை மைதானத்தில் நீ நேராக ஓட்டியது எனக்குப் பொறாமையாக இருந்தது. கியர், கிளட்ச் எல்லாம் இரண்டே நாளில் பிடித்துவிட்டாய். வலது பக்கம் இருந்த குப்பை டிரம்மில் இடித்தாய். புதுசாக ஓட்டுபவர் யார்தான் இடிக்கவில்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் மூன்றாம் நாள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கிழவர் இடப்பக்கமாக வந்தார். நடுப்பகல், வெயில் நன்றாக அடிக்கிறது. நான் கை பிரேக்கை இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அவர் உன் ஜன்னலை ஒட்டி நின்று கத்தினார். நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "யாரு கத்துறா?" என்றாய்.

ஹெஸ்ஸா, அவர் உன் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றார்.

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. கஹ்வாத் தட்டு, கண்ணாடி மேசை, டிரம், இப்போது இந்த மனுஷன். எல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக எனக்கு வரிசையில் வந்து நிற்கின்றன. சின்ன வயதில் மஃரிபுக்குப் பிறகு, இருட்டியதும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாய். பயந்தாங்கொள்ளி என்று உன்னைக் கேலி செய்தோம். டாக்டரிடம் போய்க் கண்ணைக் காட்டு. ஒன்றும் இல்லை என்று சொன்னால் என் தலையில் ஒரு குட்டு குட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

உன் லுல்வா


முஹர்ரக்
17 பிப்ரவரி 2018

ஹெஸ்ஸாவுக்கு சலாம். நான்காவது வாரமாக முபாரக் வெறுங்கையோடு வருகிறான். "அக்கா நல்லா இருக்காங்க, வேலை அதிகமாம்" என்று ஒப்பிக்கிறான். போன் செய்தால் மாமியாரிடம் கொடுத்துவிடுகிறாய். அவரும் நானும் எத்தனை தடவைதான் வானிலையைப் பற்றிப் பேசுவது? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

லுல்வா


ஹுஃபூஃப்
8 மார்ச் 2018

அன்பு அக்காவுக்கு ஹெஸ்ஸாவின் சலாம். அனைவரும் நலம். பரீட்சைத் தாள் திருத்தும் வேலை, எழுத முடியவில்லை.

வண்டி வந்துவிட்டது! அந்த ஆலிவ் பச்சையேதான். முற்றத்தில் நிற்கிறது. சீட்டுகளின் மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கிறது. ஜூன் வரை யாரும் கிழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஜாபிர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பழிவாங்க ஒரு குறை தேடினார் பாவம், கிடைக்கவில்லை. கடைசியில், "கலர் ராணுவத்துக்காரன் வண்டி மாதிரி இருக்கு" என்றார்.

தினமும் அஸர் தொழுதுவிட்டு ஓட்டுநர் சீட்டில் போய் உட்காருகிறேன். ஸ்டியரிங்கின் தோல் உள்ளங்கையில் வழுக்காமல் நிற்கிறது. ஏசி காற்றுத் தடுப்புகளை விரலால் திருப்பினால் ஆடாமல், வைத்த இடத்தில் நிற்கின்றன. கதவின் ரப்பர் மூலையில்கூட மடிப்பில்லாமல் ஒட்டியிருக்கிறது. ஹெட்லைட்டுக்குள் ஊசி முனை அளவில் அந்தக் கம்பெனியின் முத்திரையைப் பதித்திருக்கிறார்கள். இன்னும் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

குறைகளையும் எழுதிவிடுகிறேன், நீ பயப்படாதே. பொத்தான்கள் அதிகம். பின் கைப்பிடி முனகல் போகவில்லை. கை வைக்கும் பெட்டியின் மூடி சூட்டில் ஒட்டிக்கொள்கிறது. பெட்ரோல் மூடியை மூடினால் மலிவான சத்தம். இத்தனை பெரிய வண்டிக்கு வெட்கக்கேடு.

நீ கேட்டதற்குப் பதில்: நான் நன்றாக இருக்கிறேன்.

உன் ஹெஸ்ஸா


முஹர்ரக்
10 மார்ச் 2018

என் ஹெஸ்ஸாவுக்கு சலாம். வண்டிக்கு மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ். மூன்று தடவை எழுதிவிட்டேன்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ரப்பர் மூலை, காற்றுத் தடுப்பு, ஊசி முனை அளவு முத்திரை எல்லாம் இருக்கிறது. வண்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் இல்லை. நீளமா, உயரமா, நின்றால் மிடுக்கா, பக்கவாட்டில் பார்த்தால் எப்படி? ஜாபிர் வண்டியை அங்கம் அங்கமாகப் பிய்த்தவள், உன் சொந்த வண்டியின் தோற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. முற்றத்தில் நின்று அதை முழுசாகப் பார்த்தாயா?

உன்னிடம் கேட்பதற்கு எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

லுல்வா


ஹுஃபூஃப்
12 ஏப்ரல் 2018

அக்கா, சலாம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? என்னுடையது இதுதான்.

லைசென்ஸுக்குக் கண் பரிசோதனைச் சீட்டு வேண்டும் என்று போனேன். எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்தேன். பரிசோதனை செய்த பெண் ஆச்சரியப்பட்டாள். பிறகு ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, எங்கே வெளிச்சம் வந்தாலும் பொத்தானை அழுத்தச் சொன்னாள். நான் காத்துக்கொண்டே இருந்தேன். "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். "முடிஞ்சிருச்சும்மா" என்றாள்.

கோபர் நகரில் பெரிய டாக்டர் படம் காட்டி விளக்கினார். ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கண்ணில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறதாம். பல வருடமாக ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்திருக்கிறது. உம்மாவும் வாப்பாவும் மாமன் மகள், அத்தை மகன் என்றேன், தலையாட்டினார். மருந்து இல்லை. நடுவில் இருப்பதும் ஒருநாள் மூடும், எப்போது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் என்றார். ஓட்டலாமா என்று கேட்டேன் அக்கா. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இப்போது உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். நான் என் வண்டியை முழுசாகப் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்றால் எந்த வண்டியும் எனக்கு ஒரு சாண் அளவுதான். ஒரு சாண் கதவு, ஒரு சாண் தையல். எல்லோரும் முழு வண்டியைப் பார்த்து மயங்கிக்கொண்டிருந்தபோது நான் அந்த ஒரு சாணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் எனக்கு இடுக்கு தெரிந்தது, கோணல் தையல் தெரிந்தது. தோற்றத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மொட்டை மாடிக்கு ஏறுவேன். தூரத்தில் வைத்தால் வண்டி சின்னதாகி உள்ளே அடங்கும். எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நாளாக அப்படி நினைக்கவில்லை, ஆனால் சொல்ல மனம் வரவில்லை. ஜூன் வரட்டும், ஜூன் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஊருக்கே ஒரு கண் என்றாயே. அது இந்தக் கண்தான்.

இன்னொன்று. மாமியார் விடவில்லை. "இவ கண்ணை யாரு புகழ்ந்தா?" என்று யோசித்து யோசித்து, நான் வாசித்துக் காட்டிய உன் கடிதத்தைப் பிடித்துவிட்டார். "உங்க அக்கா கண் படாம இருக்க மாஷா அல்லாஹ் சொல்லல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்கிறார். கண்ணேறு கழிய, நீ முகமும் கையும் கழுவிய தண்ணீரை வாங்கி என் மேல் ஊற்ற வேண்டுமாம். இது பிறந்ததிலிருந்து இருக்கிற நோய் என்று டாக்டர் சொன்னதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்கவில்லை.

எனக்கு நம்பிக்கை இல்லை அக்கா. ஆனால் அனுப்பு.

ஹெஸ்ஸா


முஹர்ரக்
14 ஏப்ரல் 2018

என் கண்ணே ஹெஸ்ஸா, சலாம்.

முபாரக்கிடம் பாட்டில் கொடுத்திருக்கிறேன். பன்னீர் வந்த பாட்டில், நன்றாகக் கழுவிவிட்டுத்தான் நிரப்பினேன். மூடியைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறேன்.

பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு முகம் கழுவினேன், முழங்கை வரை கழுவினேன், வாய் கொப்பளித்தேன். மச்சான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அழுதுவிட்டேன். அதுவும் தண்ணீரோடு சேர்ந்துதான் போயிருக்கிறது, கெடுதல் ஒன்றும் இருக்காது.

நான் எழுதிய அந்த வரியை நினைத்து நினைத்துச் சாகிறேன். உம்மா இருந்திருந்தால் என் வாயில் மிளகாய் தேய்த்திருப்பாள். டாக்டர் சொன்னதுதான் உண்மை, எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்து என்ன? காலையில் எழுந்ததும் என் வாய்தான் ஞாபகம் வருகிறது. ஏன் அன்றைக்கு ஒரு வார்த்தை சேர்த்து எழுதவில்லை?

மச்சான் ஜெர்மனியில் விசாரிக்கிறார். அங்கேயும் இதற்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு இடத்துக்கு எழுதுவார். பாலத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு உனக்கு நான் செய்ய முடிந்தது ஒரு பாட்டில் அழுக்குத் தண்ணீர்தான். வேறு எதாவது இருந்தால் சொல். என்ன வேண்டுமானாலும் சொல்.

உன் லுல்வா


ஹுஃபூஃப்
28 ஜூன் 2018

அன்பு லுல்வா அக்காவுக்கு ஹெஸ்ஸாவின் சலாமும் பெருநாள் வாழ்த்தும். நோன்பு எல்லோருக்கும் நல்லபடியாகக் கழிந்ததா? இத்தனை நாள் எழுதாததற்குக் கோபப்படாதே.

பாட்டில் பத்திரமாக வந்தது. பாலத்தில் சுங்க அதிகாரி, "இது என்ன?" என்று கேட்டாராம். முபாரக்குக்குப் பொய் வரவில்லை. "அக்கா முகம் கழுவுன தண்ணி" என்றிருக்கிறான். அவர் சிரிக்கவே இல்லையாம். மூடியை இறுக்கித் துணியைத் திரும்பக் கட்டிக் கொடுத்து, "யாருக்குப்பா உடம்பு சரியில்ல?" என்று கேட்டாராம். மாமியார் என்னை உட்கார வைத்துப் பின்னால் நின்று தலையில் ஊற்றினார். முடிந்ததும் எதிரே வந்து, "தெரியுதா?" என்று கேட்டார். "கொஞ்சம் தெரியுது மாமி" என்றேன். அவர் அழுத அழுகையில் அந்தப் பொய்யை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.

வண்டியைப் பற்றி நீ கேட்டாயே, இப்போது எழுதுகிறேன். மொட்டை மாடியில் ஏறி முழுசாகப் பார்த்தேன் அக்கா. என்ன அழகு! நீளத்துக்கு ஏற்ற உயரம், உயரத்துக்கு ஏற்ற சக்கரம். பக்கவாட்டில் முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரை ஒரே ஒரு கோடு ஓடுகிறது, எங்கும் தடுமாறவில்லை. வெயில் சாயும்போது அந்தப் பச்சை பேரீச்ச ஓலை நிறத்துக்கு வருகிறது. அப்படி ஒரு மிடுக்கு வேறு எந்த வண்டிக்கும் இல்லை. வேலைப்பாடும் அப்படித்தான். பொத்தான்கள் அதிகம் என்று சொல்லியிருந்தேன்; விரல் பழகினால் ஒவ்வொன்றும் தேவைதான். பின் கைப்பிடி முனகுவது நன்றாகத்தான் இருக்கிறது, யாரோ ஏறுகிறார்கள் என்று தெரியும். பெட்டி மூடி ஒட்டுவதில்லை. பெட்ரோல் மூடியின் சத்தமும் சரியான சத்தம்தான், நான்தான் தப்பாகக் கேட்டிருக்கிறேன்.

ஒரு குறையும் இல்லை அக்கா. ஒன்றுகூட இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் ஹெஸ்ஸா


முஹர்ரக்
30 ஜூன் 2018

ஹெஸ்ஸாவுக்கு சலாம்.

உன் கடிதத்தில் ஒரு குறையாவது இருக்குமா என்று மூன்று தடவை தேடினேன். பெட்ரோல் மூடியைக்கூட மன்னித்துவிட்டாய். அப்போதே புரிந்துவிட்டது, இருந்தாலும் முபாரக்கை உட்கார வைத்துக் கேட்டேன். "வண்டி எங்கடா?" தலையைக் குனிந்துகொண்டான். "வத்ஃபா டீச்சர் எடுத்துட்டுப் போயிட்டாங்க அக்கா. ஞாயித்துக்கிழமை, லைசென்ஸ் செல்லுபடியான மொத நாளே." எழுதிக் கொடுத்ததிலிருந்து சாவி கொடுத்ததுவரை எல்லாம் நீயே செய்தாயாம். சீட்டில் இருந்த பிளாஸ்டிக் உறையை யாரையும் தொட விடாமல் நீயே நகத்தால் கிழித்து எடுத்தாயாம். தெருமுனைவரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து போய், இறங்கி, சுவரைத் தொட்டுக்கொண்டே திரும்பி நடந்து வந்தாயாம். அந்த உறை இன்னும் முற்றத்து மூலையில் சுருண்டு கிடக்கிறது என்றான்.

நான் அழுதேன் ஹெஸ்ஸா. வண்டிக்காக இல்லை. உம்மா வாப்பாவைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தையை நீ எழுதியிருக்கிறாய்.

நான் உன்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை இனிமேல் சொல்ல மாட்டேன். இப்போதே தொடங்குகிறேன், கேட்டுக்கொள். உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி. நீ ஆக்கும் ஹஸாவிச் சிவப்பரிசியில் உப்பு இருக்காது. இத்தனை வருடம் உன் மனம் நோகுமே என்று விழுங்கினேன். உனக்குப் பொறுமை கிடையாது. சிரித்தால் தெருவுக்குக் கேட்கும். கணக்கு டீச்சராக இருந்தும் என் வயதை எப்போதும் இரண்டு வருடம் கூட்டித்தான் சொல்வாய். உன் கண்ணைப் பற்றி நான் எழுதியது சுத்தப் பொய். சின்னக் கண், சாதாரணக் கண், ஊரில் எல்லோருக்கும் இருக்கிற கண். அதில் புகழ ஒன்றுமே இல்லை. யாரும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்.

இப்போது என் லைசென்ஸுக்கும் உங்கள் ஊரில் மதிப்பு உண்டாம். வரும் வியாழக்கிழமை முபாரக் சினிமாவுக்கு இந்தப் பக்கம் வரட்டும், நான் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் வருகிறேன். இந்த முட்டியோடு, ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடித்த இந்தப் பழைய வண்டியில். உன் வாசலில் ஹார்ன் அடிப்பேன். வந்து முன்னால் என் பக்கத்தில் உட்கார். கதவைச் சாத்தினால் பிஸ்கட் டப்பா சத்தம் வரும், டேஷ்போர்டு ஆடும், சீட்டின் ஸ்பிரிங் முதுகில் குத்தும்.

வாயைத் திறந்து குறை சொல்லடி. ஹுஃபூஃபிலிருந்து என் வீட்டு வாசல் வரை சொல்லிக்கொண்டே வா.

உன் கோணல் மூக்கி
லுல்வா